பதிவு எழுதிப் பிழைத்தவர்கள்

இணையத்தில் எழுதியே வீட்டு வாடகை கட்டலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்ற நம்பிக்கைக்குக் கால் நூற்றாண்டு வயதுதான். அச்சு இதழ்களுக்கு எழுதியவர்களின் கதை நமக்குத் தெரியும். ஆசிரியர் ஒருவர் இருப்பார். கதை பிரசுரமானால் சன்மானம் மணியார்டரில் வரும், சில நேரம் வராமலும் போகும். வலைப்பதிவில் ஆசிரியரும் இல்லை, மணியார்டரும் இல்லை. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே யாரும் கிடையாது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் பணம் என்ற பேச்சு வந்தவுடன் நடுவே ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் யார், எதை அளந்து எவ்வளவு கொடுத்தார், யாரை வாசலிலேயே நிறுத்தினார் என்பதில்தான் இந்தத் தொழிலின் வரலாறு இருக்கிறது.

முதலில் எழுத வந்தவர்களுக்குக் காசு பற்றிய நினைப்பே இல்லை. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தன் பக்கத்தைத் தொடங்கி, தன் வாழ்க்கையையே அதில் எழுதித் தள்ளினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நிரல் எழுதத் தெரிந்த ஒரு சிறு கூட்டம்தான். 1999 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 'பிளாகர்' சேவையை வெளியிட்ட பிறகு, மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த எவரும் பதிவு போடலாம் என்றானது. சேவை இலவசம். அதனாலேயே நிறுவனத்தின் கை காலியானது. சர்வர் வாங்கப் பயனர்களிடம் நன்கொடை கேட்டார்கள். பணம் வந்தது, ஆனால் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க அது போதவில்லை. 2001 ஜனவரியில் எல்லோரும் வெளியேற, நிறுவனர்களில் ஒருவரான எவன் வில்லியம்ஸ் தனி ஆளாகச் சேவையை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னாளில் ட்விட்டரைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த நாட்களில் பதிவருக்கு இருந்த முக்கிய வருமான வழிகள் இரண்டு. ஒன்று, அமேசான் 1996 ஜூலையில் தொடங்கிய கமிஷன் திட்டம்: உங்கள் பக்கத்திலிருந்து போனவர் புத்தகம் வாங்கினால் அதில் சிறு பங்கு உங்களுக்கு. இன்னொன்று உண்டியல். பக்கத்தின் ஓரத்தில் ஒரு பொத்தான். விருப்பப்பட்டவர் பேபால் மூலம் சில டாலர்கள் போடுவார். உண்டியலை இளப்பமாக நினைக்க வேண்டாம். அரசியல் எழுத்தாளர் ஆண்ட்ரூ சல்லிவன் 2002 டிசம்பரில் ஒரே வாரம் வாசகர்களிடம் கேட்டுச் சுமார் 80,000 டாலர் திரட்டினார். அடுத்த ஆண்டு கிறிஸ்டபர் ஆல்பிரிட்டன் என்ற பத்திரிகையாளர், எந்த நாளிதழும் அனுப்பாமலே, வாசகர்கள் கொடுத்த சுமார் 14,000 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு ஈராக் போருக்குள் போய் எழுதினார். செய்தியாளரை வாசகர்களே போர்க்களத்துக்கு அனுப்பியது அது. இந்த வரலாற்றில் இவ்வளவு நம்பிக்கை தரும் பக்கம் வேறொன்று இல்லை. ஆனாலும் அந்த வழி அப்போது பெருவழியாகவில்லை, ஏனென்றால் அதே 2003-இல் கூகுள் வந்துவிட்டது.

பிப்ரவரியில் அது பிளாகரை வாங்கியது. ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்த அப்ளைடு செமான்டிக்ஸ் என்ற நிறுவனத்தை 102 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஜூன் மாதம் ஆட்சென்ஸ் என்ற விளம்பரச் சேவை வெளியானது.

ஆட்சென்ஸ் செய்தது என்னவென்று பார்த்தால்தான், ஒரு பொழுதுபோக்கு ஏன் சில மாதங்களில் தொழிலானது என்பது விளங்கும். அதுவரை இணைய விளம்பரம் வேண்டுமென்றால் விளம்பரதாரரைத் தேடிப் பிடித்துப் பேரம் பேச வேண்டும். நாளைக்கு முந்நூறு பேர் படிக்கிற பதிவரிடம் யார் பேசுவார்கள்? ஆட்சென்ஸில் பதிவர் யாரிடமும் பேச வேண்டியதில்லை. சில வரி நிரலைத் தன் பக்கத்தில் ஒட்டினால் போதும். கூகுளின் இயந்திரம் அந்தப் பக்கத்தின் சொற்களைப் படித்து, கேமரா பற்றிய பதிவு என்றால் கேமரா விளம்பரத்தைக் கொண்டுவந்து வைக்கும். அந்த இடத்துக்கு விளம்பரதாரர்கள் ஏலம் கேட்பார்கள். அந்நாளில் யாராவது சொடுக்கினால் காசு; அதில் ஒரு பங்கு பதிவருக்கு. எவ்வளவு பங்கு என்பதைக் கூகுள் ஏழு ஆண்டுகள் வெளியே சொல்லவே இல்லை. 2010 மே மாதம்தான் 68 சதவீதம் என்று அறிவித்தது. தன் கூலி விகிதம் தெரியாமலே ஒரு தலைமுறைப் பதிவர்கள் முழுநேரமாக உழைத்திருக்கிறார்கள்.

மெல்பர்ன் நகரத்து டேரன் ரோஸ் அப்படி இறங்கியவர்களில் ஒருவர். கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்துகொண்டே டிஜிட்டல் கேமராக்களைப் பற்றிப் பதிவு எழுதியவர். ஆட்சென்ஸில் அவருக்கு முதல் நாள் கிடைத்தது 1 டாலர் 40 சென்ட். ஆனால் அது அன்றாடம் வந்தது, மாதத்துக்கு மாதம் கூடியது. 2004 செப்டம்பரில் 'புரோபிளாகர்' என்ற தளத்தைத் தொடங்கி, வலைப்பதிவால் எப்படிச் சம்பாதிப்பது என்பதையே எழுத ஆரம்பித்தார். இந்தத் தொழிலின் முதல் பள்ளிக்கூடம் அதுதான் என்று சொல்லலாம். அங்கே படித்துவிட்டு வேலையை விட்டவர்கள் உலகம் முழுதும் உண்டு. அதில் தேறாதவர்களும் உண்டு. அவர்களின் கதையை எவரும் தொகுத்து வைக்கவில்லை.

இந்தியாவில் முதல் பெயர் அமித் அகர்வால். ரூர்க்கி ஐஐடியில் கணினி அறிவியல் படித்து, ஹைதராபாத்தில் மென்பொருள் வேலை பார்த்தவர், 2004-இல் அதை விட்டுவிட்டுச் சொந்த ஊரான ஆக்ராவுக்குத் திரும்பினார். மென்பொருள் துறையில் சம்பளம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. தாஜ்மகால் ஊரில் உட்கார்ந்து, கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆங்கிலத்தில் எழுதினார். படித்தவர்களில் பெரும் பகுதி வெளிநாட்டினர், விளம்பரமும் டாலர் விளம்பரம். நாட்டின் முதல் தொழில்முறைப் பதிவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. ஊர் எதுவாக இருந்தாலும் ஆங்கிலத்தில் எழுதினால் அமெரிக்கச் சந்தை திறக்கும் என்பதை இந்திய இளைஞர்களுக்குக் காட்டியவர் அவர்.

அந்த இளைஞர்களின் அன்றாடம் இன்றைய யுபிஐ காலத்தில் நம்ப முடியாததாகத் தோன்றும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கக் கூகுள் ஓர் அட்டையைத் தபாலில் அனுப்பும். அதிலிருக்கும் எண்ணைப் பதிவு செய்தால்தான் பணம் வரும். 100 டாலர் சேரும்வரை பணம் கிடையாது. சேர்ந்த பிறகு வருவது செக். 'இது என்ன செக், யார் அனுப்புகிறார்கள்?' என்ற கேள்விக்கு வங்கியிலும் வீட்டிலும் பதில் சொல்லியாக வேண்டும். பேபால் வழியே வருகிற பணத்துக்கும் 2011 மார்ச் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒரு பரிவர்த்தனைக்கு 500 டாலர் என்ற வரம்பு வந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் அது 3,000 டாலராக உயர்ந்தது.

அமெரிக்காவில் இதே காலத்தில் இரண்டு பேர் எதிரெதிர் வழிகளில் போனார்கள். நியூயார்க்கில் இருந்த ஜேசன் காட்கி 1998 முதல் எழுதிவந்தவர். 2005 பிப்ரவரி 22 அன்று வேலையை விட்டுவிட்டேன் என்று அறிவித்தார். விளம்பரம் வேண்டாம், வாசகர்களே ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்றார். மூன்று வாரத்தில் 1,450 பேர் 39,900 டாலர் கொடுத்தார்கள். ஓர் ஆண்டு வாழ அது போதுமானதாக இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டும் அதே கையை நீட்ட வேண்டுமென்றால் கூட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும், அது தனக்கு வராது என்று 2006-இல் நிறுத்திக்கொண்டு, பிறகு விளம்பரத்துக்குப் போனார்.

ஹெதர் ஆர்ம்ஸ்ட்ராங் 'டூஸ்' என்ற தளத்தை 2001-இல் தொடங்கினார். அலுவலகத்தைப் பற்றி எழுதியதால் 2002-இல் வேலை போனது. யூட்டாவுக்குத் திரும்பினார், தாயானார், மகப்பேற்றுக்குப் பின் வந்த மனச்சோர்வையும் மருத்துவமனையில் சேர்ந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த வேதனையை வெளியே சொல்ல முடியாமல் இருந்த பெண்கள் இலட்சக்கணக்கில் அவரைத் தேடி வந்தார்கள். 2004-இல் விளம்பரம் வைத்தார். அடுத்த ஆண்டே கணவரும் வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தார். 2011-இல் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டபோது, தளத்தின் மாத வருமானம் 30,000 முதல் 50,000 டாலர் வரை என்று மதிப்பிடப்பட்டது. ஒரு குடும்பத்தின் பிழைப்பு, அந்தக் குடும்பத்தின் அந்தரங்கத்தையே சரக்காகக் கொண்டு நடந்தது. குழந்தைகளின் வளர்ச்சி, மணமுறிவு, நோய் எல்லாம் வாசகர் முன்னிலையில் நிகழ்ந்தன. பாராட்டிய அளவுக்கு வசைபாடவும் ஒரு கூட்டம் சேர்ந்தது. 2023 மே மாதம், 47 வயதில் அவர் மறைந்தார். இன்று வீட்டுக்குள் கேமரா வைத்துச் சம்பாதிக்கும் குடும்பங்கள் அவர் நடந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் வருகிறது என்றதும் முதலாளிகள் வந்தார்கள். நிக் டென்டன் நியூயார்க்கில் காக்கர் என்ற பதிவுத்தளக் குழுமத்தைக் கட்டினார். ஜேசன் கலகானிஸும் பிரையன் ஆல்வியும் தொடங்கிய வெப்லாக்ஸ் நிறுவனத்தை 2005 அக்டோபரில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சுமார் 25 மில்லியன் டாலருக்கு வாங்கியது. தனிமனிதர் எழுதிய பதிவு, கூலிக்கு ஆள் வைத்து எழுதும் பட்டறையானது. 2008-இல் காக்கர் தன் எழுத்தாளர்களின் ஊதியத்தைப் பக்கப் பார்வையோடு இணைத்தது. எத்தனை பேர் சொடுக்கினார்களோ அதற்கேற்ற பணம். அதற்கேற்ற தலைப்புகளும் பிறந்தன. இன்று செய்தித் தளங்களில் நாம் காணும் 'அடுத்து நடந்தது என்ன?' தலைப்புகளின் பூர்வீகம் அங்கே இருக்கிறது. 2011 பிப்ரவரியில் ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தித் தளம் 315 மில்லியன் டாலருக்கு விலைபோனது. அதில் எழுதிவந்த ஆயிரக்கணக்கான பதிவர்களுக்கு ஒரு சென்ட் கூட இல்லை. ஜொனாதன் டாசினி என்பவர் எழுதியவர்கள் சார்பில் 105 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சம்பளம் இல்லை என்று தெரிந்தேதான் எழுதினீர்கள் என்று சொல்லி, 2012-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நியாயம் என்று ஏற்க மனம் வரவில்லை.

அதே 2011 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. கூகுள் தன் தேடல் முறையில் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் சுமார் 12 சதவீதத் தேடல்களின் வரிசை மாறியது. சரக்கில்லாமல் சொற்களை அடுக்கிக் காசு பார்த்த தளங்களை ஒழிப்பதே நோக்கம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விளம்பரம் கொடுப்பவரும் கூகுள், வாசகரை அனுப்புபவரும் கூகுள் என்ற நிலையில், ஒரே இரவில் வருமானம் பாதியானால் முறையிட ஒரு மேஜைகூட இல்லை என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும் நிலத்தில் மாடி வீடு கட்டியவர்களின் நிலைமை. 2013 ஜூலை 1 அன்று, பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடரும் மூடப்பட்டது. 2023 செப்டம்பரில் வந்த தேடல் மாற்றத்தில் அடிபட்ட சிறு தளங்கள் பல இன்னும் எழவில்லை. அடுத்த ஆண்டு முதல் தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு விடை சொல்லிவிடுகிறது. பதிவரின் பக்கத்துக்குப் போக வேண்டிய அவசியமே குறைந்துபோனது.

கமிஷன் வழியில் போனவர்களுக்கும் இதே பாடம்தான். கிஸ்மோடோ என்ற மின்கருவிச் செய்தித் தளத்தின் ஆசிரியராக இருந்த பிரையன் லாம், நாளெல்லாம் செய்தி போடும் ஓட்டம் போதும் என்று ஹவாய்த் தீவுக்குப் போய், 2011-இல் 'வயர்கட்டர்' தொடங்கினார். நாளுக்கு ஐம்பது செய்தி போடுவதற்குப் பதில், ஒரு பொருளை வாரக்கணக்கில் சோதித்து 'இதை வாங்குங்கள்' என்று ஒரே பதில் சொன்னார். நேர்மையான உழைப்பு, 2016-இல் நியூயார்க் டைம்ஸ் சுமார் 30 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது. ஆனால் 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவே, அமேசான் வீட்டுச் சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தபோது, அதையே நம்பியிருந்த ஆயிரமாயிரம் சிறு தளங்களுக்கு மாற்று வழி இருக்கவில்லை.

நிலைத்தவர்கள் யார் என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: படிக்கிறவரிடமிருந்தே நேராகப் பணம் பெறும் வழியைக் கண்டவர்கள். அமித் அகர்வாலின் நிறுவனம் இன்று கூகுள் ஷீட்ஸ், ஜிமெயிலோடு இயங்கும் சிறு மென்பொருள்களை விற்கிறது. தைபேயிலிருந்து எழுதிய பென் தாம்ப்சன் 2014-இல் தன் 'ஸ்டிராட்டெக்கரி' தளத்துக்கு மாதம் 10 டாலர் சந்தா வைத்து வென்றார். 2017-இல் தொடங்கிய சப்ஸ்டாக் அதே முறையை எல்லோருக்கும் திறந்துவிட்டு, சந்தாவில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஜேசன் காட்கியும் 2016-இல் மறுபடி வாசகரிடமே திரும்பி வந்தார். 2022-இல் சுமார் ஏழு மாதம் எழுதாமல் ஓய்வெடுத்தார்; சந்தாதாரர்களின் ஆதரவால்தான் அது முடிந்தது.

இந்தக் கதையில் தமிழ் எங்கே?

2003 முதல் தமிழில் பதிவுகள் வரத் தொடங்கின. 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம், பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கியதும், சிதறிக் கிடந்தவர்கள் ஒரே முற்றத்தில் கூடினார்கள். சென்னை, சிங்கப்பூர், வளைகுடா, டொரன்டோ, லண்டன், யாழ்ப்பாணம் என எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதினார்கள். தமிழில் தட்டச்சு செய்வது பெரும் தலைவலி. அதையும் இ-கலப்பை போன்ற இலவசக் கருவிகளைச் செய்து தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். 2007 ஆகஸ்டில் சென்னையில் பதிவர் பட்டறை நடத்திப் புதியவர்களுக்குத் தமிழில் தட்டச்சு செய்யவும் பதிவு தொடங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சமையல், சினிமா, சாதி, ஈழப்போர், அணு மின்சாரம், பழந்தமிழ் இலக்கியம் என்று எந்த இதழும் இடம் ஒதுக்காத நீளத்தில் எழுதிக் குவித்தார்கள். பின்னாளில் நூலாசிரியர்களாகவும் திரைத்துறையினராகவும் அறியப்பட்ட சிலர் அங்கிருந்து வந்தவர்களே.

ஆனால் அந்தப் பொற்காலம் முழுவதும் கூகுளின் விளம்பரப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆதரவு இல்லாத மொழிப் பக்கத்தில் ஆட்சென்ஸ் நிரலை ஒட்டுவதே விதிமீறல். தமிழில் நாளெல்லாம் எழுதியவருக்கு ஒரு பைசா கிடையாது. அதே ஆள் ஆங்கிலத்தில் மொபைல் போன் விமர்சனம் எழுதினால் டாலரில் செக் வந்தது. காசு வேண்டியவர்கள் ஆங்கிலத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் வேலை முடிந்து வந்து இரவில் தமிழ் எழுதினார்கள். தமிழ்நாட்டில் விளம்பரப் பணத்துக்குப் பஞ்சமும் இல்லை. தி.நகர்க் கடைகள் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிக்கும் கொட்டிக் கொடுத்த காலம் அது. அந்தப் பணத்தில் ஒரு துளி பதிவர் வீட்டுக்கு வர வழி இல்லாமல் இருந்தது.

இந்திக்கு 2014 டிசம்பரில் கதவு திறந்தது. வங்க மொழிக்கு 2017-இல். தமிழுக்கு 2018 பிப்ரவரியில். அதற்குள் பதிவர்களில் பெரும்பாலோர் முகநூலுக்குப் போய்விட்டார்கள், திரட்டிகள் ஓய்ந்துவிட்டன. எழுத்துக்குக் கிடைக்காத பணம் காணொளிக்குக் கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலானது. அந்த மகிழ்ச்சியில் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். வயல்வெளியில் சமைப்பதைப் பார்க்க மொழி தெரிய வேண்டியதில்லை. உலகமே பார்த்தது, உலகத்து விளம்பரம் வந்தது. அவர்கள் சம்பாதித்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் தமிழ் தெரிந்தவர் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு நல்ல கட்டுரைக்கு அந்த வழி உதவாது. அதற்குத் தமிழ் வாசகரைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

2005-இல் காட்கிக்கு உதவிய வாசகர்கள் டாலர் அனுப்பக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. நமக்கு ஐம்பது ரூபாய் அனுப்ப ஒரு கைபேசி போதும். நீங்கள் தவறாமல் படிக்கிற தமிழ்த் தளம் ஒன்று இருக்கும். அதில் சந்தாவுக்கோ நன்கொடைக்கோ வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த மாதமே கட்டுங்கள். இல்லையென்றால், ஒரு வழி வைக்கும்படி எழுதுகிறவரிடம் கேளுங்கள்.